எதிர்பார்ப்பவர் ஒருவர் வேண்டும்

சென்னையினின்று அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் வேப்பம்பட்டு. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது இத்தடத்தின் வழியாகவே. ஆயினும், இப்பகுதிக்கு மக்களைத் திரளாகக் கொண்டுவந்து சேர்த்தவை பின்னாளில் எழுந்த தொழிற்சாலைகளே. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் உருவாயின. வேலை தேடி வந்தவர்கள் பணிக்காலம் முழுவதையும் வாடகை வீட்டிலோ தொழிற்சாலைக் குடியிருப்பிலோ கழித்தனர். ஓய்வு நெருங்குங்கால் சேமிப்பையும் கடனையும் ஒன்றுசேர்த்து, இத்தடத்தின் ஓரமாக ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினர். இன்று நம்மிடையே முதியோராய் விளங்குவோர் பலரின் வாழ்க்கை வரலாறு இதுவே.

இரயிலில் நாள்தோறும் சென்றுவருவோரிடையே ஓர் உறவு உண்டு. அதே வண்டி, அதே பெட்டி, அதே கதவோரம். ஒருவருக்கு ஒருவர் இடம் பிடித்து வைப்பர். வீட்டுப் பலகாரத்தைப் பங்கிட்டு உண்பர். மகளின் திருமணத்தையும் மகனின் தேர்வு முடிவையும் கூடிப் பேசுவர். ஆயுத பூசை நாளில், தாங்கள் வழக்கமாக ஏறும் பெட்டிக்கு மாலையும் தோரணமும் கட்டி மகிழ்வாரும் உண்டு. இரண்டு நாள் ஒருவர் வண்டிக்கு வராவிடில், மூன்றாம் நாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். “என்ன ஆயிற்று, உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்பவர் உறவினர் அல்லர், முப்பது ஆண்டுகளாக ஒரே பெட்டியில் நின்று பயணம் செய்தவர்.

ஓய்வு பெற்ற மறுநாளோடு இவை யாவும் முடிவடைகின்றன. ஓய்வூதியம் வருகின்றது, சொந்த வீடு இருக்கின்றது, முற்றத்தில் முருங்கையும் காய்க்கின்றது. விடியுமுன் எழுந்து ஓடிய மனிதர் இனி நிம்மதியாக வாழலாம் என்றே எல்லாரும் எண்ணுவர். ஆனால், சில திங்களில் அவர் காலை எட்டு மணி வரை படுக்கையிலேயே கிடக்கின்றார். சவரம் செய்துகொள்வது வாரத்திற்கு ஒருமுறையாகின்றது. தோட்டத்திற்கு நீர் ஊற்றவும் மனமில்லை. “வரவர உங்களுக்குச் சோம்பல் மிகுந்துவிட்டது” என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர்.

இது சோம்பல்தானா? முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாளும் தவறாது உழைத்தவர் ஆறு திங்களில் சோம்பேறியாக மாறிவிடுவாரா? இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்தல் நம் இல்லங்களுக்கெல்லாம் பயன் தரும்.

கடிகாரத்தை மறந்த ஊர்

மனித ஊக்கத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று ஆஸ்திரிய நாட்டில் நிகழ்ந்தது. தலைநகராகிய வியன்னாவிற்கு அருகே மரியன்தால் என்னும் சிற்றூர்; ஏறத்தாழ 1,500 மக்கள். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அந்த ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் வேலையிழந்தன. மரி யகோடா, பவுல் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் என்னும் ஆய்வாளர்கள் தம் குழுவினரோடு அவ்வூருக்குச் சென்று மக்களின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கி, 1933இல் நூலாக வெளியிட்டனர்.

வேலையில்லாதவர்க்கு நேரம் மிகுதி. எனவே நிறையப் படிப்பார்கள், கூட்டங்களுக்குச் செல்வார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ இதற்கு நேர்மாறு. நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பின்னரும், எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. சங்கங்களில் மக்களின் ஈடுபாடு தளர்ந்தது. தெருவில் நடக்கும் ஆடவரின் நடையும் தளர்ந்தது. சில அடி நடந்து நின்றனர். மீண்டும் சில அடி நடந்து மீண்டும் நின்றனர். ஆண்களுள் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டனர். பெண்களோ விரைந்தே நடந்தனர். ஏனெனில், அடுப்பும் குழந்தைகளும் அவர்களை எதிர்நோக்கியிருந்தன.

வறுமையும் பசியும் அம்மக்களை வாட்டியது உண்மையே. ஆயினும், காரணம் அவை மட்டும் அல்ல. வேலை தருவது கூலி மட்டுமன்று என்பதைப் பிற்காலத்தில் யகோடா அம்மையார் விளக்கிக் காட்டினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்திற்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்திற்காக உழைத்தல், சமூகத்தில் ஓர் இடம், இடைவிடாத செயல் ஆகிய ஐந்தையும் வேலை சத்தமின்றித் தந்துவருகின்றது. வேலை போகும்போது இவை ஐந்தும் சேர்ந்தே போகின்றன. நம் ஓய்வூதியருக்குக் கூலியின் பங்கு ஓரளவு எஞ்சியிருக்கின்றது. மற்ற ஐந்தும் போய்விட்டன. எவரும் தமக்காகக் காத்திராத மனிதருக்குக் கடிகாரம் எதற்கு?

2020 மார்ச் இறுதியில் கொரோனாப் பெருந்தொற்றினால் நாடே அடைபட்டபோது இதன் சாயலை நாம் எல்லாரும் உணர்ந்தோம். மின்சார இரயில்கள் நின்றன. கோயில் கதவுகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தவர்க்குப் பொழுது ஏராளமாக இருந்தது. தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் முடித்துவிடலாம் என்று தொடக்கத்தில் எண்ணினோம். நாட்கள் செல்லச்செல்ல, நேரம் பெருகியது. செய்ய வேண்டும் என்னும் மனமோ குன்றியது. ஊக்கம் ஓய்வு நேரத்தினால் விளைவதன்று என்பதற்கு நம் சொந்த அனுபவமே சான்று.

ஊக்கத்தின் ஊற்று

ஊக்கம் என்பது தனி மனிதனின் நெஞ்சுக்குள்ளேயே ஊறுவது, இருப்பவனுக்கு இருக்கும், இல்லாதவனுக்கு இல்லை என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. அமெரிக்க உளவியலார் எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் மனித ஊக்கத்திற்கு மூன்று தேவைகளைக் கூறுவர்: தானே விரும்பிச் செய்கின்றோம் என்னும் உரிமையுணர்வு, தன்னால் இயலும் என்னும் திறனுணர்வு, பிறரோடு பிணைந்திருக்கின்றோம் என்னும் உறவுணர்வு. ஒருவரைச் சார்ந்திருக்கவும் ஒரு கூட்டத்தில் இடம் பெறவும் விழையும் வேட்கை பசியைப்போல் அடிப்படையானது என்று ராய் பாமைஸ்டர், மார்க் லியரி என்னும் வேறிரு அறிஞர்கள் 1995இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் நிறுவினர்.

முன்னோர் அறியாத செய்தியன்று இது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தம் அறநூலின் பத்துப் பகுதிகளுள் இரண்டை நட்பிற்கே ஒதுக்கினார். அவர் வழிவந்த புனித அக்குவினாசு தோமா, துயரத்திற்கு மருந்தாக ஐந்தினைக் கூறுகின்றார்: இன்பம், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல், உறக்கமும் குளியலும். மாபெரும் இறையியல் நூலில் உறக்கத்திற்கும் குளியலுக்கும் இடம் கொடுத்த அந்த ஞானியின் நடைமுறை அறிவு வியப்புக்குரியது! நண்பரின் பரிவு ஏன் துயரைத் தணிக்கின்றது என்பதற்கு அவர் இரண்டு காரணங்கள் காட்டுகின்றார். துயரம் ஒரு சுமை. பிறரும் கைகொடுத்துத் தாங்குவதுபோல் தோன்றுவதால் அது இலேசாகின்றது என்பது ஒன்று. நண்பர் நமக்காக வருந்துவதைக் காணும்போது நாம் அன்பு செய்யப்படுகின்றோம் என்று உணர்கின்றோம். அவ்வுணர்வே துயரை ஆற்றுகின்றது என்பது மற்றொன்று. இரண்டாவதே சிறந்த காரணம் என்பது அவர் முடிபு.

இற்றைக்கால மருத்துவ உலகும் இதனைக் கணக்கிட்டுக் காட்டுகின்றது. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிய 148 ஆய்வுகளை ஒருங்கே நோக்கியது. உறவுகள் வலுவாக இருந்தோர் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அவை நலிந்திருந்தோரைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுகின்றார் என்று 2025 ஜூன் இறுதியில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆணையம் அறிவித்தது. அவ்வாட்டத்தோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டொன்றுக்கு 8,71,000க்கு மேல் என்பது அதன் மதிப்பீடு. தனிமை முதியோரை மட்டும் பற்றுவதன்று. இளையோரிடத்தும் அது மிகுந்திருப்பதாக அவ்வறிக்கை கூறுகின்றது.

சென்னையில் நடந்த சோதனை

ஒரு மனிதரை மற்றொருவர் நினைவில் வைத்திருப்பதால் என்ன விளைந்துவிடும் என்று ஐயுறுவோர்க்கு, நம் சென்னையும் பங்குகொண்ட ஓர் ஆய்வு விடை தருகின்றது. வாழ்வில் நம்பிக்கையிழந்து தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவமனையில் காப்பாற்றப்பட்டோர் 1,867 பேரிடம் அவ்வாய்வு நடைபெற்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் பிரேசிலின் கேம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், இலங்கையின் கொழும்பு, நம் சென்னை ஆகிய ஐந்து இடங்களில் அது நடத்தப்பட்டது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதியினருக்கோ அதனுடன், வீடு திரும்புமுன் ஏறத்தாழ ஒரு மணி நேர உரையாடல். பின்னர் பதினெட்டுத் திங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவே.

அப்பதினெட்டுத் திங்களின் முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 18 பேர் தற்கொலையால் மாண்டிருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோருள் அவ்வாறு மாண்டவர் இருவர் மட்டுமே. ஆய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று.

“எப்படி இருக்கின்றீர்கள்?” என்று ஒன்பது முறை கேட்பதற்கு எவ்வளவு பொருள் செலவாகும்? அந்த வினாவைக் கேட்டவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், காத்தது மருந்தின் ஆற்றல் மட்டுமன்று. ‘அடுத்த திங்கள் ஒருவர் என்னைக் கேட்பார்’ என்னும் எதிர்பார்ப்பும் உயிரைத் தாங்கிப் பிடித்தது. இவ்வாய்வில் சென்னையின் சார்பாகப் பங்குகொண்ட மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார், 1986இலேயே ‘சினேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தைச் சென்னையில் தோற்றுவித்தவர். அங்கே துன்புறுவோர்க்குச் செவிசாய்ப்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்களே.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரின் நிகழ்ச்சியை நாம் அறிவோம். நலம் பெற விருப்பமா என்று ஆண்டவர் கேட்டபோது, அவர் தம் கால்களைக் குறித்து முறையிடவில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவர் வாயினின்று வந்த விடை. நீர் அருகிலேயே இருந்தது, மனிதர்தாம் இல்லை.

பெறுவது மட்டும் போதுமா?

இங்கே நாம் ஒரு தவறான முடிவிற்கு வந்துவிடலாகாது. தனித்திருப்போர்க்குத் துணை கொடுத்துவிட்டால் போதும் என்பது அம்முடிபு. அன்புள்ள பிள்ளைகள், “அப்பா, நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், உட்கார்ந்து ஓய்வெடுங்கள்” என்கின்றனர். பாசத்தால் கூறும் சொல்தான். ஆனால், நாள்தோறும் அதைக் கேட்கும் தந்தையின் நெஞ்சில், ‘இனி நீர் எதற்கும் தேவையில்லை’ என்றே அது ஒலிக்கின்றது. ஊக்கம் பிறப்பது, நம்மால் ஒருவர்க்குப் பயன் உண்டு, நாம் வராவிட்டால் அங்கே ஒரு குறை ஏற்படும் என்னும் அறிவினாலேயே.

ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. ஆகவே, 2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் ஒரு புதுமை செய்தார். அக்கம்பக்கத்துப் பாட்டிமாருக்குப் பயிற்சியளித்து, மருத்துவ நிலையங்களின் அருகே மர விசுப்பலகைகளில் அமரச் செய்தார். மனச்சோர்வுற்றோர் வந்து பாட்டியின் அருகில் உட்கார்ந்து தம் துன்பத்தைச் சொல்வர். பாட்டி பொறுமையோடு கேட்டு, அவர்களே வழிகாணத் துணைபுரிவார். ‘நட்புப் பலகை’ என்பது அதன் பெயர். 573 பேரைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையால் சோர்வு நன்கு குறைந்தது கண்டறியப்பட்டது. நம் நாட்டில் பாட்டிமார் இல்லையா? திண்ணையும் கோயில் மரத்தடியும் இல்லையா? இருக்கின்றன, ஆனால், பாட்டியிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

எதிர்பார்ப்பும் ஏவலும்

இவ்விடத்தில் இல்லத்தரசி ஒருவர் குறுக்கிட்டுக் கூறக்கூடும்: “எல்லாரும் என்னைத்தானே எதிர்பார்க்கின்றார்கள்! ஐந்து மணிக்குக் காப்பி, ஆறு மணிக்குச் சிற்றுண்டி, ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடை. ஆயினும் என் மனம் ஏன் வறண்டு கிடக்கின்றது?” நியாயமான வினா. புதிய மனைப்பிரிவில் பத்து வீடுகளுக்கு நடுவே எட்டு மனைகள் காலியாகக் கிடக்கின்றன. கணவரும் பிள்ளைகளும் காலை வண்டியில் சென்றுவிட்டால், மாலை வரை பேச ஆளில்லை. அவர் சமைத்த உணவை எல்லாரும் எதிர்பார்க்கின்றனர். அவரை எதிர்பார்ப்பவர் யார்? ஏவலுக்கு ஆளாக இருப்பது வேறு. உறவுக்கு உரியவராக இருப்பது வேறு. “இன்று பகல் முழுதும் என்ன செய்தாய், யாரைப் பார்த்தாய்?” என்று மாலையில் கணவர் கேட்கும் ஒரு வினா, பாராட்டுரைகளை விடப் பயன் தரும்.

பிள்ளைகளின் நிலையும் இதுவே. வீடு மாறிப் புதிய பள்ளியில் சேர்ந்த சிறுவன் ஒருவனது மதிப்பெண் திடீரெனச் சரிந்தால், பெற்றோர் உடனே தனிப்பயிற்சிக்கு அனுப்புகின்றனர். மதிய உணவை யாரோடு உண்கின்றான் என்று முதலில் கேட்டிருக்கலாம். தன் பக்கத்தில் உட்கார விரும்பும் தோழன் ஒருவன் இருக்கும் பள்ளிக்கு எந்தப் பிள்ளையும் மகிழ்ந்தே செல்வான். கைப்பேசியில் நூறு பேரின் செய்திகளைக் காண்பது இதற்கு ஈடாகாது; அங்கே அவன் ஒரு நாள் வராவிட்டால் எவரும் கவனிக்கப்போவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, வீட்டிலுள்ள முதியவருக்கு நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு பொறுப்பை விட்டுக் கொடுங்கள். பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவதோ, பால் வாங்கி வருவதோ, மின்கட்டணக் கணக்குப் பார்ப்பதோ, ஏதேனும் ஒன்று. அது மெய்யான வேலையாக இருக்க வேண்டும். வேறொருவர் மறுபடியும் சரிபார்க்கும் பொம்மை வேலையாக இருத்தலாகாது.

இரண்டாவதாக, அவர்கள் அறிந்ததைக் கேட்டுப் பெறுங்கள். கடைசலிலும் பற்றவைப்பிலும் நாற்பது ஆண்டு கைதேர்ந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கின்றார். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் நம் மகன் அவரைக் கண்டதேயில்லை. ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் இருவரையும் அருகருகே அமரச் செய்தால் இருவரும் பிழைப்பர்.

மூன்றாவதாக, தொலைவில் வாழும் பிள்ளைகளே, பணம் அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். எப்போதாவது ஒரு மணி நேரம் பேசுவதைவிட, வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த வேளையில் பத்து நிமிடம் பேசுவது நன்று. அந்த நாளை நோக்கி உங்கள் தாய் ஏழு நாளும் நடந்து வருவார்.

நான்காவதாக, நம் அன்பியக் கூட்டங்களில் வந்தவர்களின் எண்ணிக்கையை எழுதுகின்றோம். வராதவர்களின் பெயரையும் எழுதி, மறுநாளே ஒருவர் சென்று பார்த்துவரும் வழக்கத்தை மேற்கொள்வோம். வின்சென்ட் தே பவுல் சபையார் 1833இல் பாரிசில் தொடங்கிய நாள்முதல் ஏழைகளை அவர்தம் வீட்டிற்கே சென்று காண்பதைத் தம் முதற்பணியாகக் கொண்டுள்ளனர். பொருளுதவியை ஆளனுப்பியும் கொடுக்கலாம். நேரில் சென்று அமர்வதற்கு ஆளனுப்ப இயலாது.

இன்னுமொன்று. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் பற்றின்மை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், அதைத் தனிமை என்று மட்டும் எண்ணி வாளாவிருத்தலாகாது. அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். மருத்துவரை நாடுவதில் நாணம் வேண்டா. தமிழ்நாட்டின் 104, நடுவண் அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416, முதியோர்க்கான 14567 ஆகிய தொலைபேசி எண்கள் நமக்குத் துணை நிற்கின்றன. அவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போன உவமையைக் கேட்கும்போதெல்லாம், ஆயன் காட்டில் தேடி அலைந்ததையே நாம் வியந்து பேசுகின்றோம். அதற்கு முன் அவன் செய்த சிறு செயலை எவரும் கவனிப்பதில்லை. அன்று மாலை அவன் ஆடுகளை எண்ணினான். எண்ணியிராவிட்டால், தொண்ணூற்றொன்பதையும் நூறென்றே கருதி நிம்மதியாக உறங்கியிருப்பான். நம் தெருவில், நம் அன்பியத்தில், நம் வீட்டு உணவறையில் இன்றிரவு எவர் குறைகின்றார் என்று எண்ணிப் பார்ப்போமாக.